விதைநெல் டிரையரில் சூட்டுமானி பொய் சொன்னால்?

குறுவை அறுவடை ஐப்பசி மழையில் மாட்டிக்கிட்டா விதைநெல்லைக் களத்தில் காயவைக்க வழியில்லை, டிரையரில்தான் கொட்டுகிறோம். விதைநெல்லுக்கு விடும் காற்றின் சூடு 43 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டக்கூடாது. தாண்டினால் நெல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். உள்ளே முளை செத்திருக்கும். நாற்றங்காலில் விதைத்த பிறகுதான் விஷயம் தெரியவரும்.

'பலகையில் 40 என்றுதானே காட்டிச்சு?' என்பீர்கள். அந்த 40-ஐச் சொல்வது காற்றுப் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழல், அதாவது சென்சார். அது பொய் சொன்னால் பர்னரும் அதையே நம்பி எரியும்.

இதில் பரவலாக இருப்பது இரண்டு வகை. பிடி-100 என்பதில் சூடு ஏற ஏற மின்தடை கூடும். தெர்மிஸ்டரில் பெரும்பாலும் சூடு ஏறினால் மின்தடை குறையும். இதைத் தெரிஞ்சுக்கிறது முக்கியம். இணைப்புத் திருகு தளர்ந்தால் தடை கூடுகிறது. பிடி-100 ஆக இருந்தால் பெரும்பாலும் இல்லாத சூட்டைக் காட்டும். பர்னர் சீக்கிரமே அணையும், நெல் ஈரமாகவே கிடக்கும். தெர்மிஸ்டரானால் இருக்கிற சூட்டைக் குறைத்துக் காட்டும். பர்னர் எரிந்துகொண்டே இருக்கும். விதை வெந்துபோவது இதில்தான். உங்கள் இயந்திரத்தில் எது என்று கையேட்டில் பாருங்கள்.

மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிட்டுக் குழலை உருவுங்கள். தூசியும் சுணையும் படிந்திருந்தால் சூடு உறைக்க நேரமாகும்; துணியால் துடையுங்கள். எலி ஒயரைக் கடித்திருக்கா பாருங்க. திருகை முடுக்குங்கள்.

பிறகு எரிபொருளை மூடிவிட்டுப் பலகைக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். நொறுக்கிய ஐஸை டம்ளரில் நிரப்பி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, குழலின் நுனியை ஐந்து நிமிஷம் வையுங்கள். 0 காட்டணும், ஒரு டிகிரி முன்பின் இருந்தால் பரவாயில்லை. அடுத்தது 40 டிகிரி வெந்நீர். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரே 42 வரை காட்டும், ஒத்துப்பார்க்க அது போதும். கொதிநீரில் மட்டும் அதை விட்டுடாதீங்க!

எண் ஒத்துவரவில்லை என்றால், மின்சாரத்தை நிறுத்தி, குழலின் ஒயர்களைக் கழற்றி மல்டிமீட்டரால் பாருங்கள். பிடி-100 ஐஸில் 100 ஓம், 40 டிகிரியில் சுமார் 115.5 ஓம் காட்டும். குழல் சரியாக இருந்தால் கோளாறு பலகையில். குழல்தான் கெட்டது என்றால் அதே வகையையே வாங்கிப் போடுங்கள். வேறு வகையை மாட்டினால் பலகை தப்பாகத்தான் காட்டும்.

ஏற்கெனவே காயவைத்த நெல்லில் சந்தேகமா? 100 விதையை ஈரச்சாக்கில் சுருட்டி, சாக்கு காயாமல் பார்த்துக்கொண்டு, 14 நாளில் எண்ணுங்கள். சான்று விதைக்கு 80 முளைக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் அந்த நெல்லை அரவைக்கு அனுப்பிவிடுங்கள்.