கேப்சா கேட்கும் மூன்று விசைகள்

மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபரில் வெளியிட்ட பாதுகாப்பு அறிக்கையில் ஒரு கணக்கு வருகிறது. அந்நிறுவனத்தின் நிபுணர் குழு கவனித்த ஊடுருவல்களில் 47 சதவீதம், ‘கிளிக்ஃபிக்ஸ்’ என்ற ஒரே தந்திரத்தில் தொடங்கியவை. இதில் பூட்டு எதையும் யாரும் உடைப்பதில்லை. கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரே தன் கையால் மால்வேரை ஓட்டிவிடுகிறார்.

ஈசெட் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் இன்னும் பெரிய எண்ணைச் சொல்கிறது: 2025-ன் முதல் பாதியில் இது 517 சதவீதம் பெருகியதாம். முந்தைய ஆண்டுதான் தலைகாட்டிய ஒன்று என்பதை மறந்துவிடக் கூடாது. சிறிய எண்ணிலிருந்து கிளம்பும் சதவீதம் எப்போதும் மலைபோலத்தான் தெரியும். அந்த 47-ம் ஒரு நிறுவனத்தின் கண்ணில் பட்டவற்றின் கணக்கே. தந்திரம் வேலை செய்யும் விதம்தான் இந்த எண்களைவிட முக்கியம்.

ஏதோ ஒரு இணையதளத்தில் ‘நான் ரோபோ இல்லை’ என்ற கேப்சா கட்டம் வருகிறது. பயனர் டிக் செய்கிறார். அந்த ஒரு கிளிக்கில், பக்கத்திலுள்ள நிரல் ஒரு நீண்ட வரியை அவருடைய கிளிப்போர்டில் எழுதிவிடுகிறது. கிளிப்போர்டில் இருப்பதைப் படிக்கத்தான் பிரவுசர் அனுமதி கேட்கும்; அதில் எழுத, பயனரின் ஒரு கிளிக் போதும். கூப்பன் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் ‘காப்பி’ பட்டன் வேலை செய்வதும் இந்தச் சலுகையால்தான். அடுத்து அந்தப் பக்கம் மூன்று கட்டளைகளை இடுகிறது: விண்டோஸ் விசையோடு ஆர், கண்ட்ரோலோடு வி, கடைசியாக என்டர்.

முதல் கட்டளையில், கணினிக்கு நேரடியாகக் கட்டளை தரும் ‘ரன்’ பெட்டி திறக்கிறது. இரண்டாவதில், கிளிப்போர்டில் காத்திருந்த வரி அதில் வந்து விழுகிறது. நுட்பம் முழுவதும் இந்த நொடியில்தான் இருக்கிறது. ரன் பெட்டி மிகக் குறுகலானது. நீண்ட வரியை ஒட்டினால் கர்சர் கடைசியில் போய் நிற்கும். அதனால் வரியின் வால் மட்டுமே கண்ணில் படும். தாக்குபவர்கள் அந்த வாலில் ஒரு பச்சை டிக்கையும் ‘நான் ரோபோ இல்லை, சரிபார்ப்பு எண் இவ்வளவு’ என்ற வாசகத்தையும் வைத்திருப்பார்கள். அந்த வரியை ஓட்டப்போவது பவர்ஷெல் என்ற விண்டோஸ் கருவி; அதில் ஹேஷ் குறிக்குப் பின்னால் வருவது வெறும் குறிப்பு. கணினி அதைக் கண்டுகொள்ளாது. மனிதர் படிக்கும் பகுதியைக் கணினி படிப்பதில்லை. கணினி நிறைவேற்றும் பகுதியோ இடப்பக்கம் நகர்ந்து மறைந்துவிட்டது. மூன்றாவது கட்டளையான என்டரில் அது ஓடிவிடுகிறது.

சந்தையிலிருந்து வீடு திரும்பும் காய்கறிப் பையில் இப்படி நடக்கலாம். மேலாகத் தெரிவது கொசுறாகப் போட்ட கறிவேப்பிலையும் கொத்தமல்லியும். அடியில் யாரோ செருகிய பொட்டலம் கிடக்கிறது. தூக்கி வருபவர் வீட்டுக்காரர் என்பதால் நாய் வாலாட்டுகிறது, வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிடுகிறார். பொட்டலத்தைப் பிரிப்பவரும் அவரே, பீரோ சாவி வைத்திருப்பவரும் அவரே.

அந்த நாயும் வாட்ச்மேனும் விண்டோஸில் உண்டு. பிரவுசர் வழியாக ஒரு கோப்பு இறங்கினால், ‘இணையத்திலிருந்து வந்தது’ என்ற கண்ணுக்குத் தெரியாத முத்திரை அதில் விழும். அதைப் பார்த்துத்தான் ஸ்மார்ட்ஸ்கிரீன் எச்சரிக்கிறது. கிளிப்போர்டில் இருப்பதோ வெறும் எழுத்து. அதற்கு முத்திரை கிடையாது. அதை ஓட்டுவதும் மைக்ரோசாஃப்டின் சொந்தத் தயாரிப்பான பவர்ஷெல். ஆன்டிவைரஸ் சில வேளைகளில் பிடித்துவிடுகிறது. தாக்குபவர்கள் எழுத்துகளைக் குலைத்து மாற்றிக்கொண்டே இருப்பதால் தப்புவதும் நடக்கிறது. உள்ளே வருவது பெரும்பாலும் லும்மா போன்ற தகவல் திருடிகள். 2025 மார்ச் 16-க்கும் மே 16-க்கும் இடையில் லும்மா தொற்றிய விண்டோஸ் கணினிகள் 3,94,000-க்கும் மேல் என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது.

இவ்வளவும் நடந்த பிறகு ஹெல்ப் டெஸ்க்கில் போன் அடிக்கிறது. “நான் ஒண்ணுமே பண்ணலைங்க, தானா இப்படி ஆயிடுச்சு.” கம்ப்யூட்டர் சப்போர்ட்டில் இருப்பவர்கள் அலுத்துச் சலித்த வாக்கியம் இது. ஆனால் ரன் பெட்டி, தனக்குக் கொடுத்த கட்டளைகளை ரெஜிஸ்ட்ரியில் ‘ரன்எம்ஆர்யூ’ என்ற இடத்தில் குறித்துவைக்கிறது. யாரும் துடைக்காவிட்டால், பவர்ஷெல் என்று தொடங்கும் அந்த முழு வரியும் அங்கே அப்படியே இருக்கும். அதைக் கண்ட பொறியாளருக்குக் கோபம் வருவது நியாயம். வேறொருவர் அழுத்திய மூன்று விசைகளால் பொறியாளரின் நாள் முழுதும் போய்விடும். பயனர் பொய் சொல்லவில்லை என்பதும் உண்மை. அவர் நினைவில் இருப்பது, எத்தனையோ முறை செய்த கேப்சாவை இன்னொரு முறை செய்தது மட்டுமே. திட்டு வாங்கியவர் அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டார். திருடிய கடவுச்சொற்கள் கைமாற அந்தத் தாமதமே போதும்.

இதற்கு முன்கதையும் உண்டு. 2001-ல் ‘சல்ஃப்என்பிகே’ என்ற கோப்பையும், 2002-ல் கரடிப் பொம்மை ஐகான் கொண்ட ‘ஜேடிபிஜிஎம்ஜிஆர்’ கோப்பையும் வைரஸ் என்று சொல்லி மின்னஞ்சல்கள் சுற்றின. இரண்டும் விண்டோஸுடன் வந்த நல்ல கோப்புகள். மக்கள் தேடிப்பிடித்து அழித்து, நண்பர்களையும் அழிக்கச் சொன்னார்கள்.

‘செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் தடுத்துவிடும்’ என்று விற்கப்படும் பாதுகாப்பு மென்பொருள்களை நம்பி இதை விட்டுவிட முடியாது. உரிமையாளர் தானே இட்ட கட்டளையையும் ஏமாந்து இட்ட கட்டளையையும் பிரித்தறிவது எந்த மென்பொருளுக்கும் கடினம். ஒட்டும் இடத்தில் ஒரு தடை வைப்பது பலன் தருகிறது. குரோமின் டெவலப்பர் கன்சோலில் அதிகம் பழகாதவர் நிரலை ஒட்டப் போனால், ‘ஒட்ட அனுமதி’ என்று பொருள்படும் ஆங்கில வாசகத்தைக் கையால் தட்டச்சு செய்யச் சொல்கிறது. பல அலுவலகங்கள் ரன் பெட்டியையே முடக்கிவைக்கின்றன. 2025-ல் ‘ஃபைல்ஃபிக்ஸ்’ என்ற வடிவம், ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டியில் ஒட்டச் சொல்லி அந்தத் தடையையும் சுற்றி வந்தது.

உண்மையான எந்த கேப்சாவும் விண்டோஸ் விசையை அழுத்தச் சொல்லாது. அழுத்திவிட்டவர் முதலில் இணைய இணைப்பைத் துண்டித்து, அலுவலகக் கணினி என்றால் ஐ.டி. பிரிவுக்கு உடனே சொல்ல வேண்டும். கடவுச்சொற்களை வேறொரு கணினியிலோ போனிலோதான் மாற்ற வேண்டும். உள்நுழைந்த நிலையை நினைவில் வைத்திருக்கும் பிரவுசர் குக்கீகளையும் திருடிகள் அள்ளிப் போவதால், கடவுச்சொல்லை மாற்றிய கையோடு ஒவ்வொரு கணக்கிலும் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்தியாக வேண்டும்.