விளக்குக்குப் பக்கத்தில் நிற்பவர்

ஸ்லைடு புரொஜக்டர் எளிமையான சாதனம். ஒரு பல்பு, அதன் பின்னால் குழியாடி, முன்னால் வெளிச்சத்தைத் திரட்டும் லென்ஸ், சூட்டைத் தடுக்கும் கண்ணாடி. நடுவில் இரண்டு அங்குலச் சட்டத்துக்குள் 24க்கு 36 மி.மீ. பிலிம். தலைகீழாகச் செருகினால்தான் சுவரில் படம் நேராக விழும். 1936இல் 35 மி.மீ. கோடாக்குரோம் வந்தபின் மேல்நாட்டு வீடுகளுக்குள் இது நுழைந்தது. 1961இல் வந்த கரௌசலின் வட்டத் தட்டில் 80 படங்கள் சுற்றி வந்தன. கோடாக் 2004இல் தயாரிப்பை நிறுத்திவிட்டது. 'ஸ்லைடு' என்கிற சொல் மட்டும் கம்ப்யூட்டருக்குள் குடிபெயர்ந்து பிழைத்துக்கொண்டது.

இச்சாதனத்தின் முக்கிய உறுப்பு பெட்டிக்கு வெளியே இருக்கிறது: குரல். ஸ்லைடு தானாகப் பேசாது. எல்லோரும் இருட்டில் உட்கார்ந்திருக்க, விளக்குக்குப் பக்கத்தில் நிற்பவர், அது வாத்தியாரோ பாதிரியாரோ வீட்டுப் பெரியவரோ, 'இது இன்னது' என்கிறார். அர்த்தம் அங்கிருந்துதான் விழுகிறது. இதன் முன்னோடியான மாயவிளக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷனரிகள் பிரசங்கத்துக்குப் பயன்படுத்தியது தற்செயல் அல்ல.

கோடைக்கானலை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க மதுரை மிஷன் 1845இல் இங்கே பங்களா கட்டியது. 1901இல் மிஷனரி பிள்ளைகளுக்குப் பள்ளி வந்தது. காமிராவும் கலர் பிலிமும் வாங்க முடிந்தவர்கள் கோடை கழிக்க வந்துபோன ஊர். அன்றைய மலைக்காட்சி என்றால் பாதிக்குமேல் புல்வெளி. காலனிய வனவியல் அதைத் தரிசு என்றே வாசித்தது. இன்று அங்கே வாட்டில், யூகலிப்டஸ், பைன். 1973, 2014 செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வு, மரத்தோட்டங்களாலும் விவசாயத்தாலும் பழனிமலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது. அந்தச் செயற்கைக்கோள் வரிசை 1972க்கு முன்னால் போகாது. அதற்கு முந்தைய மலையைத் தரையில் நின்று கலரில் பார்த்த சாட்சி, வீட்டுப் பரண்களில் கிடக்கக்கூடிய ஸ்லைடுப் பெட்டிகள்தான். மலை ஈரத்தில் ஜெலட்டின் பூசணம் பூத்துவிடும்.

ஸ்கேன் பண்ணி வைத்தால் போதாதா என்பார்கள். படம் மிஞ்சும், சரி. குரல் யாருடையது? பளியர்களைப் பற்றி 1908இலேயே பாதிரியார் டாமென் 'ஆந்த்ரொபோஸ்' இதழில் எழுதியிருக்கிறார். எழுதப்பட்டார்கள், படம்பிடிக்கப்பட்டார்கள். விளக்குக்குப் பக்கத்தில் நின்று பேசும் இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

எனவே அந்த ஸ்லைடுகளைப் பளியர் குடியிருப்பின் சுவரிலேயே போட்டு, இது எந்த இடம், இந்தப் புல்லுக்கு என்ன பேரு, இங்கே யாரு இருந்தாங்க என்று கேட்க வேண்டும். சொல்வதைப் படத்தோடு சேர்த்துப் பதிய வேண்டும். சினிமாவில் இல்லாத வசதி இதில் உண்டு: ஒரு படத்தை எவ்வளவு நேரமும் நிறுத்தலாம், பின்னால் போய்த் திரும்பப் போடலாம், சொன்னதை மறுத்துப் பேசலாம். அந்த நேரத்துக்கு நாம் இருட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.