கட்டபொம்மலாட்டம்: தலையால் ஆட்டும் பொம்மை

பொம்மலாட்டம் என்றதும் விரலில் நூலைச் சுற்றிக்கொண்டு ஆட்டுவதுதான் நினைவுக்கு வரும். சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் மாரியம்மன் பண்டிகைக்கும், மழை பொய்த்த ஆண்டுகளில் ஊரே வரி போட்டும் வைக்கிற கட்டபொம்மலாட்டம் வேறு வகை. அதன் சூட்சுமம் ஆட்டுபவரின் தலையில் இருக்கிறது.

பொம்மை செய்யக் கல்யாண முருங்கை ஏற்ற மரம். கனமில்லை, உளிக்கு இணங்கும். அப்படியும் பெரிய பொம்மை நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் வரும். விரலால் தூக்கி ஆட்டக் கூடியதா அது? அதனால் துணி சுற்றிய இரும்பு வளையத்தை ஆட்டக்காரர் சும்மாடு போலத் தலையில் வைத்துக்கொள்கிறார். பொம்மை அந்த வளையத்துக் கயிறுகளில் தொங்குகிறது. அவர் தலை சாய்த்தால் பொம்மையும் சாயும். கைகள் இரண்டும் ஓய்வாக இருப்பதால், கம்பிகளைப் பிடித்துப் பொம்மையின் கைகளை இயக்குகிறார். ராஜஸ்தானத்துக் கட்புத்லியில் நூல் மட்டும், வங்காளத்துக் கம்புப் பொம்மையில் கம்பு மட்டும். இங்கே இரண்டும் உண்டு. திரை அவரை மறைத்துவிடும். பொம்மை ஆடும்போது கேட்கும் சலங்கை அவர் காலில் கட்டியது.

பாட்டும் வசனமும் தெருக்கூத்திலிருந்து வந்தவை. கூத்தாடுகிறவர்களே பொம்மையும் ஆட்டுவதுண்டு. பொம்மைக்குக் குரல் இரவலாக வருவது போலவே, இந்தோனேசியாவின் மதுரா தீவில் முகமூடி ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. மகாபாரதப் பாத்திரங்கள் பலருக்கும் 'தாலாங்' எனும் கதைசொல்லி ஒருவரே பேசுகிறார். அங்கே மனிதருக்குச் செய்வதை இங்கே மரத்துக்குச் செய்கிறார்கள்.

கூத்துக் குடும்பத்துப் பிள்ளைகள் விசைத்தறிக்கும் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கும் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. பண்டிகை இரவுகளை இன்னிசைக் கச்சேரிக்குக் கொடுத்தது நாம்தான். மேட்டூர் அருகே ஏர்வாடியில் 'மணல்வீடு' இதழை நடத்தும் மு. ஹரிகிருஷ்ணன், 'களரி' அமைப்பின் வழியாகக் கூத்துக்கும் பொம்மலாட்டத்துக்கும் மேடை தருகிறார்.

கலை நிகழ்ச்சிகளில் ஒதுக்கும் கால் மணி நேரம் இதற்குப் போதாது என்பதே என் எண்ணம். பாடுபவர் எங்கே இழுப்பார், எங்கே நிறுத்துவார் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் ஆட்டக்காரரின் தலை சரியாக அசையும். விடிய விடிய நடக்கும் ஆட்டங்களில் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுத்தான் அது பிடிபடும்.