ஒரே கொப்பி, பல கைகள்

1983 யூலைக் கலவரத்தில் கொழும்பில் வீடிழந்த தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இரத்மலானைக்குக் கொண்டுவரப்பட்டன. விமானங்கள் நிற்கும் கொட்டகையே அவர்களுக்கு முகாமாயிற்று. முகாம் என்றால் முதல் வேலை பெயர் எழுதுவது. உங்களுக்கு இது புதிதல்ல. ஒரு முகாமிலிருந்து அடுத்த முகாமுக்குப் போனதும் பெயர், வயது, ஊர், பிள்ளைகள் என்று மறுபடியும் முதலிலிருந்து சொல்லியிருப்பீர்கள். முன்னைய கொப்பி முன்னைய முகாமிலேயே நின்றுவிடும். பெத்லகேமுக்குப் பெயர் பதியப் போன யோசேப்பும் மரியாளும் ஒரு தடவையோடு தப்பினார்கள்!

அதே இரத்மலானையில் எங்கள் சிறிய அலுவலகம் ஒன்றும் இருக்கிறது. அங்கே நடந்த ஒரு பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2011 பெரும்போகத்துக்கு முன்னர், மீளக்குடியமர்ந்த குடும்பங்களுக்கு விதைநெல் கொடுக்க ஏற்பாடு செய்தோம். பட்டியல் மூன்று இடங்களில் இருந்தது. வவுனியாவில் களப்பணியாளரின் கொப்பியில் ஒன்று, மன்னாரில் லிகிதரின் கணனியில் ஒன்று, இரத்மலானையில் என் மேசையில் ஒன்று. ஒரு தாயின் கணவர் காணாமற்போனவர். காணி அனுமதிப்பத்திரம் கணவர் பெயரில். அந்நாளில் இப்படியான குடும்பத்துக்கு மரணச் சான்றிதழ் எடுப்பதற்கே சட்டத்தில் வழி இருந்தது; காணாமற்போனமைக்கென்று தனிச் சான்றிதழ் 2016 ஆம் ஆண்டுத் திருத்தத்தோடுதான் வந்தது. மரணச் சான்றிதழ் எடுக்க அந்தத் தாய்க்கு மனம் ஒப்பவில்லை. அதைப் புரிந்துகொண்ட களப்பணியாளர், தம் கொப்பியில் கணவர் பெயரை வெட்டி அவருடைய பெயரை எழுதினார். அந்தத் திருத்தம் என் மேசைக்கு வரவில்லை.

லொறி போனது என் பட்டியலோடு. பெயருக்குரியவர் நேரில் வந்து கையொப்பமிட வேண்டும் என்றார்கள் எங்கள் ஆட்கள். காணாமற்போன மனிதனைக் கூட்டிவா என்று அவர் மனைவியிடம் கேட்டிருக்கிறோம்! கடிதம் எழுதி, ஒப்புதல் வாங்கி, நெல் அனுப்புவதற்குள் விதைப்புக் காலம் கழிந்துவிட்டது. அவருடைய இரண்டு ஏக்கரும் அந்தப் போகம் தரிசாகக் கிடந்தன.

யாரும் களவெடுக்கவில்லை, யாரும் சோம்பி இருக்கவுமில்லை. மூன்று கொப்பிகள் இருந்தன, அவ்வளவுதான்.

பெரிய வர்த்தக நிறுவனங்கள் இந்தத் தொல்லையை நெடுநாளாகவே அறிந்தவை. ஒரு நிறுவனத்தின் கிளைகளுக்குள் மட்டும் ஓடும் கணனி வலையை இன்ட்ரானெட் என்கிறார்கள். உள்வலை என்று நாம் சொல்லலாம். ஆவணம் ஒரே இடத்தில் இருக்கும். அவரவர் தமக்குரிய கடவுச்சொல்லோடு அதையே திறந்து எழுதுவார்கள். யார், எந்த நாளில், எதை மாற்றினார் என்பது தானாகப் பதியும். பழைய எழுத்தும் அழியாமல் கீழே கிடக்கும்.

இது வெளிநாட்டுப் பணக்காரரின் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், கொழும்பின் கணனித் துறையினர் பலர் ஊதியமின்றிக் கூடி, சில வாரங்களுக்குள் ஒரு மென்பொருளை எழுதினார்கள். சஹனா என்று பெயர். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். லங்கா சொப்ட்வெயர் பவுண்டேசன் அதைப் பேணியது. காணாமற்போனோருக்கு ஓர் ஏடு, முகாம்களுக்கு ஓர் ஏடு, எங்கே என்ன தேவை என்று ஓர் ஏடு, எந்த நிறுவனம் எங்கே என்ன செய்கிறது என்று இன்னோர் ஏடு. இந்தக் கடைசி ஏடுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வீதியோரத்து முகாமுக்கு மூன்று லொறி பாண் போகும், உள்ளே இருக்கும் முகாமுக்கு ஒன்றும் போகாது. அந்தக் கூத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோமே. சஹனாவுக்கு விலை இல்லை. எவரும் எடுத்துத் தம் தேவைக்கு மாற்றலாம். 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அது பயன்பட்டது.

எங்கள் அலுவலகத்திலும் பின்னர் ஒரு சிறிய உள்வலை அமைத்தோம். கணனி வாங்குவது இலேசு. அதைப் பேணுவதுதான் பாடு. முதல் ஆறு மாதமும் இரண்டு மூத்த பணியாளர்கள் தங்கள் கொப்பியை ஒளித்து வைத்துக்கொண்டே வேலை செய்தார்கள். மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆகவே வெள்ளிக்கிழமை தோறும் பட்டியலை அச்சிட்டு வைக்கிறோம். இன்னொரு பிரதி வேறு ஊரில், வேறு கூரையின் கீழ் இருக்கிறது. பெயர் இன்னொரு தொல்லை. சிவலிங்கம் என்பதை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதி, ஒருவரை நால்வராக்கிவிடுவார்கள். இப்போது தமிழ்ப் பெயரோடு அடையாள அட்டை இலக்கமும் சேர்த்தே பதிகிறோம். இதற்கெல்லாம் ஒரே ஒரு லிகிதர் பொறுப்பு. அவர் லீவில் போனால் யார் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது.

உண்மையில் இந்த ஒழுங்கை எங்கள் பங்குகளில் முன்பே கற்றிருக்க வேண்டும். மன்னாரில் திருமுழுக்குப் பெற்றவர் கொட்டாஞ்சேனையில் மணம் முடித்தால், கொட்டாஞ்சேனைப் பங்குத்தந்தை மன்னாருக்கு அறிவிக்க வேண்டும். மன்னாரில் அவருடைய திருமுழுக்குப் பதிவிலேயே திருமணமும் குறிக்கப்படும். திருச்சபைச் சட்டத்தின் 535 ஆம் பிரிவு சொல்வது இதுதான். பழைய எழுத்தை எவரும் சுரண்டி அழிப்பதில்லை. (குருக்களின் கையெழுத்தை வாசிக்க முடியாதது வேறு கதை.)

எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கலாமா? கூடாது. 1983 இல் கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டே தமிழர் வீடுகளைத் தேடின என்பது பதிவான செய்தி. பட்டியல் சோறும் போடும், வீட்டையும் கொளுத்தும். எங்கள் ஏட்டில் விதைநெல் கொடுப்பவருக்குக் குடும்பத்தின் பெயரும் காணியின் அளவும் மட்டுமே தெரியும். யார் தடுப்பில் இருந்தவர், யார் வீட்டில் யார் காணாமற்போனார் என்பவை இருவருக்கு மட்டுமே திறக்கும். தனிப்பட்ட தகவல்களைப் பாதுகாக்க 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமும் நாட்டில் நிறைவேறியிருக்கிறது.

ஆகவே யாராவது வந்து உங்கள் காணி உறுதியையோ குடும்ப விபரத்தையோ கேட்டால், நாங்களாகவே இருந்தாலும், இதை எங்கே வைப்பீர்கள், யார் பார்ப்பார், பிழை இருந்தால் யாரிடம் சொல்வது என்று கேளுங்கள். மூலப் பத்திரத்தைக் கையை விட்டு விடாதீர்கள். பிரதி கொடுத்தால் போதும். உங்கள் பெயருக்கு நேரே எழுதியிருப்பதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அந்தத் தாய் இப்போது ஒவ்வொரு போகத்துக்கும் முன் வந்து தம்முடைய வரியை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். சென்ற முறை வயலின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை கண்டுபிடித்தார். லிகிதர் அவர் முன்னிலையிலேயே திருத்தினார்.