பெருந்தொற்றுக் காலத்தில் தொலைமருத்துவம்

2020 மார்ச் 18-இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கிளினிக்குக்குப் போவது எப்படி? வரிசையில் உட்கார்ந்தாலே தொற்றிவிடுமோ என்ற பயம். அப்போது கைகொடுத்தது தொலைமருத்துவம். நோயாளி வீட்டிலிருந்தபடியே கைப்பேசி, காணொலி வழியாக மருத்துவரிடம் ஆலோசனை பெறும் முறை இது.

வீட்டில் தனிமைப்படுத்தப்பட்ட கோவிட் நோயாளிகள் தங்கள் உடல்நிலையைத் தினமும் மைசெஜாதெரா செயலியில் பதிவு செய்தார்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இரத்தத்திலுள்ள பிராணவாயு அளவைக் காட்டியது. அது 95 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. மூச்சுத்திணறல் தெரியாமலேயே இறங்கவும் கூடும். "எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று தாத்தா சொன்னாலும் எண்ணைப் பார்த்தாக வேண்டும். 2021-இல் பலர் மருத்துவமனை போய்ச் சேரும் முன்பே இறந்துபோனார்கள்.

மாணவர்களே, வீட்டுப் பெரியவர்களுக்குச் செயலி புரியாமல் போகலாம். நீங்கள்தான் உதவ வேண்டும். அழைப்புக்கு முன் நான்கு விவரங்களைத் தாளில் எழுதி வையுங்கள்: அறிகுறி தொடங்கிய நாள், காய்ச்சல் அளவு, சாப்பிடும் மருந்துகள், ஒவ்வாமை.

ஆனால், மருத்துவர் தொட்டுப் பார்ப்பதற்குக் காணொலி ஈடாகாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், குழப்பமான பேச்சு இருந்தால் செயலியைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். உடனே 999-ஐ அழையுங்கள்.

தேர்வில் இத்தலைப்பு வந்தால் நன்மையோடு இந்த வரம்பையும் எழுதுங்கள். அப்போதுதான் கட்டுரை முழுமை பெறும்.