குழந்தைக்குத் தடவும் க்ரீமும் ஹார்மோனும்

கைக்குழந்தையின் தொடை இடுக்கிலோ கன்னத்திலோ சிவந்து தடித்தால், மருந்துக்கடையில் கேட்டு ஒரு ட்யூப் வாங்கித் தடவுகிறோம். இரண்டு நாளில் மறைகிறது. நிறுத்தினால் திரும்ப வருகிறது. மறுபடி தடவுகிறோம். மாதங்கள் ஓடிவிடுகின்றன. "மேலே பூசுவதுதானே, உள்ளுக்கா கொடுக்கிறோம்?" என்ற எண்ணம் நம் குடும்பங்களில் இருப்பதால் இதை எழுதுகிறோம்.

இந்த க்ரீம்கள் பலவற்றில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் உள்ளன. படர்தாமரைக்கென விற்கும் கலவை க்ரீம்களிலும் இவை இருப்பதுண்டு. குழந்தையின் தோல் மெல்லியது. எடையோடு ஒப்பிட்டால் அதன் பரப்பும் பெரியவர்களைவிட அதிகம். மேலே டயபர் கட்டினால் மருந்து இன்னும் கூடுதலாக ரத்தத்தில் சேரும். குளோபெட்டசாலைப் பெரியவர்களே தொடர்ந்து 2 வாரத்துக்கு மேல் பூசக் கூடாது.

சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகள் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. காய்ச்சலையும் காயத்தையும் உடல் தாங்குவதற்கு அது வேண்டும். அதே வகைப் பொருள் வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அட்ரீனலுக்கு அனுப்பும் உத்தரவைக் குறைத்துவிடும். வேலையில்லாத அட்ரீனல் சுருங்கிப்போகும்.

அப்போது குழந்தையின் முகம் உருண்டு, எடை கூடும். உயரம் மட்டும் கூடாது. உடம்பில் முடி வளரலாம், ரத்த அழுத்தம் ஏறலாம். "பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறது" என்று நாம் மகிழ்வதே நோயை மறைத்துவிடும்.

பல வாரம் தடவியிருந்தால், பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். சுருங்கிய சுரப்பி உடனே விழிக்காது. ட்யூபையும் எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் செல்லுங்கள். அவர் ரத்தத்தில் கார்டிசால் அளவைப் பார்த்து, படிப்படியாகக் குறைப்பார். சுரப்பி மீள மாதங்கள் ஆகலாம். இடையில் வாந்தி, பால் குடிக்காமை, கடும் சோர்வு, மயக்கம் கண்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். சுன்னத் செய்யும் முன்பும், வேறு எந்த அறுவைக்கு முன்பும் இந்த க்ரீம் விவரத்தை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கரப்பானுக்கு மருத்துவர் அளவு சொல்லி, சில நாட்களுக்கு எழுதித் தரும் மென்மையான ஸ்டீராய்டை அஞ்ச வேண்டியதில்லை. பழைய சீட்டைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்குவதும், பக்கத்து வீட்டார் சொன்னதைத் தடவுவதும்தான் ஆபத்து. டயபர் புண்ணுக்குப் பெரும்பாலும் அடிக்கடி மாற்றி, தண்ணீரில் கழுவி, ஈரம் போக ஒற்றி, ஜிங்க் ஆக்ஸைடு க்ரீம் பூசினாலே போதும்.

இன்றே வீட்டிலுள்ள ட்யூபை எடுத்து, அதில் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரைப் படித்துப் பாருங்கள். புரியாவிட்டால் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.