மழலையர் வகுப்பின் முதல் வாரங்கள்



ஜூன் மாதம் பிறந்தால் நமது மழலையர் வகுப்பின் அழுகைச் சத்தம் தெருமுனை வரை கேட்கும். மூன்று வயதுப் பிள்ளையை ஆயாம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, அது பொம்மையைப் பார்க்கும் நேரத்தில் உம்மா சத்தமில்லாமல் நழுவிவிடுவார். ஆரம்ப வருடங்களில் நாங்களே அப்படித்தான் சொல்லிக் கொடுத்தோம். தவறு எங்களுடையது. திரும்பிப் பார்த்து உம்மாவைக் காணாத பிள்ளை மறுநாள் பொம்மையைப் பார்ப்பதில்லை. உம்மாவின் துப்பட்டாவைப் பிடித்த பிடியை விடுவதுமில்லை.

இப்போது உம்மா சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு முத்தம், ஒரே ஒரு வாக்கியம், அவ்வளவுதான். முதல் வாரம், "கதை முடிஞ்சதும் வந்துடுவேன்" என்று சொல்லி, ஒரு மணி நேரத்தில் வந்துவிட வேண்டும். மூன்றாம் வாரம், "சோறு சாப்பிட்டதும் வருவேன்." பன்னிரண்டரை மணிக்கு வருகிறேன் என்று சொல்லிப் பயனில்லை, அந்த வயதுக்குக் கடிகாரம் தெரியாது, சோறு தெரியும். சொன்னபடி வருவதுதான் முக்கியம். வாசலில் நின்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் நன்னிமார்களிடம் மட்டும் எங்கள் பேச்சு எடுபடுவதில்லை.

அழுகை ஓய்ந்த பிறகுதான் ஆசிரியைக்கு உண்மையான வேலை. பிள்ளைகள் விளையாடும்போது சண்டை குறைவு. ஒன்றை முடித்து இன்னொன்றுக்குப் போகும்போதுதான் தள்ளுவதும் கடிப்பதும். இருபது பேரைக் கை கழுவ வரிசையில் நிறுத்தினால் கடைசிப் பிள்ளை எவ்வளவு நேரம் சும்மா நிற்கும்? ஐந்து ஐந்து பேராக அனுப்பி, மற்றவர்களைப் பாட்டில் உட்கார வைத்ததும் பாதிச் சண்டை நின்றுவிட்டது. மாற்றம் வரப்போகிறது என்று முன்பே சொல்வதும் உதவும்: "இன்னும் ரெண்டு தடவை சறுக்கிட்டு உள்ளே போகலாம்." அதேபோல் "ஓடாதே" என்பதைவிட "மெதுவா நட" என்றால் பிள்ளைக்கு என்ன செய்வது என்று புரிகிறது. அதுவும் தூரத்திலிருந்து கத்தாமல், அருகில் குனிந்து கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கடிக்கும் பிள்ளையைக் கெட்ட பிள்ளை என்று முத்திரை குத்த வேண்டாம். கேட்கத் தெரியாததால் கடிக்கிறது. கடிபட்ட பிள்ளையை முதலில் கவனித்துவிட்டு, கடித்த பிள்ளைக்கு, "எனக்கும் தா" என்ற சொல்லைக் கற்றுக் கொடுக்க வேண்டும். உருது பேசும் வீட்டிலிருந்து வந்த ஒரு சிறுவன் பல நாள் "பானி, பானி" என்று அழுதான்; பிடிவாதக்காரன் என்று நினைத்தோம். அவன் கேட்டது தண்ணீர். அதன் பிறகு தண்ணீர், சிறுநீர், பசி, வலி ஆகியவற்றுக்கான உருதுச் சொற்களை எங்கள் ஆசிரியைகள் எழுதி வைத்துக்கொண்டார்கள்.

பெற்றோரின் முறையீடு வேறு: "எல்.கே.ஜி. சேர்ந்து ஒரு மாதம் ஆச்சு, நோட்டில் ஒரு எழுத்துகூட இல்லையே?" பென்சிலைப் பிடிக்க விரல்களுக்கு வலு வேண்டும். சப்பாத்தி மாவு பிசைவதும், காகிதம் கிழித்து ஒட்டுவதும், ஈர மணலில் கோடு இழுப்பதும் அந்த வலுவைத் தருகின்றன. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், 2022இல் வந்த அடிப்படை நிலைக் கலைத்திட்டமும் இந்த வயதினருக்கு விளையாட்டு வழிக் கல்வியைத்தான் சொல்கின்றன. நோட்டு நிறைந்தால் நமக்குத் திருப்தி; பிள்ளைக்கு விரல் வலி.

புளியங்கொட்டை, சிறு மணிகள் மட்டும் வேண்டாம். மூக்கில் போட்டுக்கொள்ளும். முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, கெட்டி மிட்டாய் ஆகியவை ஐந்து வயதுக்குள் தொண்டையில் அடைக்கக்கூடியவை. கழிவறை வாளியில் சில அங்குலத் தண்ணீர் இருந்தாலே சிறு பிள்ளை மூழ்கிவிடலாம். வாளி எப்போதும் கவிழ்ந்தே இருக்க வேண்டும். மூன்று முதல் ஆறு வயதினரில் இருபது பேருக்கு ஒரு பெரியவர் என்பது 2013ஆம் ஆண்டின் தேசிய மழலையர் கொள்கை சொல்லும் அளவு. அது போதாது என்பதே எங்கள் அனுபவம். ஆயாம்மா ஒரு பிள்ளையைக் கழிவறைக்கு அழைத்துப் போனால் மீதிப் பேரைப் பார்க்க இன்னொருவர் வேண்டும்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மதியம், "நான் இவனோட மாமா" என்று வந்தவருடன் ஒரு பிள்ளையை அனுப்பிவிட்டோம். பிள்ளையும் சிரித்துக்கொண்டே போனான். பத்து நிமிடத்தில் உம்மா வந்து, "நான் யாரையும் அனுப்பலையே" என்றார். லுஹர் தொழுதுவிட்டு வந்தவர்களெல்லாம் தெருத்தெருவாகத் தேடினார்கள். நாற்பது நிமிடம். வந்தவர் மாமாதான், ஊருக்கு வந்தவர் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்க அழைத்துப் போயிருக்கிறார். அந்த உம்மா எங்களைத் திட்டவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்தபடி வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

அன்று முதல் பதிவேட்டில் பெயரும் படமும் இல்லாதவரிடம் பிள்ளையை ஒப்படைப்பதில்லை. சொந்த நன்னாவே வந்து கோபித்துக்கொண்டாலும், வீட்டுக்குத் தொலைபேசியில் கேட்ட பிறகுதான். காலையில், சாப்பாட்டுக்கு முன், வீட்டுக்கு அனுப்பும் முன் என்று மூன்று முறை தலை எண்ணுகிறோம்.

இவ்வாண்டு சேர்க்கைக்கு வருவோர், பிள்ளையை அழைத்துச் செல்ல உரிமையுள்ள மூவரின் புகைப்படத்தையும் தொலைபேசி எண்ணையும் கொண்டு வரவும். வீட்டில் பிள்ளை தண்ணீருக்கும் சிறுநீருக்கும் என்ன சொல் சொல்லும் என்பதையும் விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் எழுதவும். டப்பாவில் திராட்சை வைப்பதானால் நீளவாக்கில் நறுக்கி வையுங்கள்.